சல்மா ராத்தாவின் சபுர்

திரைச்சீலை நீல நிறம். அதில் மஞ்சள் பூக்கள். ஒரு மூலையில் கொக்கி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. கற்பிட்டியில் ஒரு வீட்டின் முன்ஹோலில், பிளாஸ்டிக் கதிரையில், அந்தத் திரைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கியது. அன்றைக்கு அதற்கு வேலையில்லை என்பது அதற்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

திரைக்கு அந்தப் பக்கம் மூன்று பெண்கள். கட்டிலில் நோயாளி சல்மா ராத்தா; ராத்தா என்றால் இந்தப் பக்கத்தில் அக்கா. பக்கத்தில் அவருடைய மகள் ரிஸ்னா. மூன்றாவது ஆள் என்னோடு வேலை செய்யும் தாதி நிலந்தி மிஸ்ஸி. சிலாபத்துச் சிங்களப் பெண். தமிழைத் தன் வசதிக்கு வளைத்துப் பேசுவாள்.

"ராத்தா, எப்படி இருக்கிறீங்க?" என்று திரையைப் பார்த்துக் கேட்டேன்.

வெளியே மதிலோரம் நின்ற கழுதை ஒன்று வேலியை முகர்ந்துகொண்டிருந்தது. அது முகர்ந்து முடித்து அடுத்த வேலிக்குப் போன பிறகுதான் பதில் வந்தது.

"இரிக்கேன்… டொக்டர்."

தடித்த, கரகரத்த, ஈரச் சாக்கை இழுத்து வருவது போன்ற குரல். அந்த வீட்டுப் பெண்ணின் குரல் எனக்கு நன்றாகத் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் போயிருந்தேன். எனக்குத் தெரிந்த குரல் அது இல்லை.

வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் வயிற்றுவலிக்கு மருந்து எழுதும் டொக்டர்மாரைப் போன வாரம் இதே பத்திரிகைப் பக்கத்தில் கிழிகிழியென்று கிழித்திருந்தேன். அதே நான்தான் நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் கதிரையில் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பேசாத நானா, பேசும் ராத்தா

சல்மா ராத்தாவை எனக்கு முதலில் நோயாளியாகத் தெரியாது. நோயாளி, அவருடைய கணவர் காசிம் நானா, அதாவது காசிம் அண்ணன்தான். கடற்கரையில் மீன் காயவைக்கும் கருவாட்டு வாடி வைத்திருந்தவர். இதயம் பலவீனப்பட்டு, கால் வீங்கி, மூச்சு வாங்க என் கிளினிக்குக்கு வந்தார். வாயைத் திறப்பதென்றால் நாக்கைக் காட்டுவதற்கு மட்டும்தான். மற்றதெல்லாம் பின்னால் நிற்கும் மனைவியின் இலாகா.

"மூச்சு எப்படி நானா?" என்று கேட்பேன். நானா திரும்பி மனைவியைப் பார்ப்பார்.

"படுத்தா இழுக்குது டொக்டர். முந்தாநாள் ரெண்டு தலாணி வெச்சுப் படுத்தாரு. நேத்து மூனு. காலுல விரல அமத்தினா குழி அப்படியே நிக்குது. வலது கால்ல கூட. மாத்திர ஒழுங்காத்தான் குடிக்கிறாரு, நான்தானே குடுக்கிற."

நான் ஒரு கேள்வியை முடிப்பதற்குள் நாலு பதில் வந்துவிடும். அத்தனையும் எனக்குத் தேவையான பதில்கள். மருத்துவ மாணவர்கள் இப்படி ஒரு நோயாளியின் கதையைச் சொன்னால் நான் எழுந்து நின்று கைகொடுப்பேன்.

கருவாடு என்று வரும்போதுதான் அங்கே வழக்கு நடக்கும். இதயம் பலவீனமானவருக்கு உப்பு ஆகாது. உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். புத்தளத்துப் பக்கம் இதைச் சொல்லிப் பிழைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே வந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். உப்பளத்தில் நாள் முழுக்கக் காலை ஊறவைத்து நிற்பவரிடம் "உப்பைக் குறையுங்க" என்றால், அவர் தன் காலைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். "சோத்துலயா டொக்டர், தொழில்லயா?" என்று ஒருவர் மிகவும் மரியாதையாகவே கேட்டார்.

காசிம் நானாவின் நிலைமை அதைவிட மோசம். காலையில் எழுந்தால் கருவாட்டு மணம். இரவில் சட்டையைக் கழற்றினால் கருவாட்டு மணம். தின்ன மட்டும் கூடாது.

"கருவாடு தின்றாரா ராத்தா?"

"என்ட வீட்டுல இல்ல. ஒரு துண்டு சுட்டுத் தா, ஒரு துண்டு சுட்டுத் தா என்டு சின்னப் புள்ள மாதிரி பின்னாலயே வாறாரு. நான் குடுக்க மாட்டேன். வாடிக்குப் போய் என்ன செய்யிறாரு என்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

நானா தரையைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பிலேயே வாடியில் என்ன நடக்கிறது என்பது எனக்கு விளங்கிவிடும். ராத்தாவுக்கும் விளங்கும். கோபித்துக்கொண்டே அவருடைய சட்டைப் பொத்தானைச் சரிசெய்து கூட்டிக்கொண்டு போவார்.

ஒரு நாள் காலை, சுபஹு தொழுதுவிட்டுச் சற்றுச் சாய்ந்த காசிம் நானா எழும்பவில்லை. செய்தி கேட்டபோது எனக்கு முதலில் வந்த நினைவு அந்தப் பொத்தான்தான்.

முழிப்பிக்கிற மாத்திரை

அதற்குப் பிறகு இரண்டு மாதங்கள் அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. ஒரு மாலை, ரிஸ்னா வந்தாள். தனக்கு ஒன்றுமில்லை என்றாள். உம்மாவைப் பற்றித்தான் கதைக்க வேண்டும் என்றாள்.

"எல்லாரும் நித்திர மாத்திர கேட்டு வருவாங்க டொக்டர். எங்கட உம்மாக்கு முழிப்பிக்கிற மாத்திர ஏதும் இரிக்கா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கண் சிரிக்கவில்லை.

உம்மா இத்தாவில் இருக்கிறார் என்றாள். கணவன் மௌத்தான பின் நான்கு மாதமும் பத்து நாளும் ஒரு பெண் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருந்து அனுசரிக்கும் காலம் அது. அதில் பாதிதான் முடிந்திருந்தது. "உம்மா நல்லா இத்தா இரிக்கா என்டு ஊரே சொல்லுது. சத்தமில்ல. சண்டையில்ல. மூலையில இருந்தா இருந்த எடம். மௌத்து வீட்டுக்கு வாற பொம்புளையள் எல்லாம், சல்மா ராத்தாட சபுரப் பாருங்க என்டு சொல்லிட்டுப் போறாங்க. ஆனா டொக்டர், எங்கட உம்மாவ நான் அப்படிக் கண்டதே இல்ல."

சபுர் என்றால் பொறுமை. இறைவன் தந்ததை முணுமுணுக்காமல் தாங்கிக்கொள்வது. பெரிய குணம்தான். ஆனால் சல்மா ராத்தா முணுமுணுக்காமல் இருந்தார் என்பது எனக்குக் கொஞ்சம் இடித்தது.

"சாப்பாடு?"

"கோழி கொத்துற மாதிரி. ஆனா உடம்பு ஊதிட்டே போகுது."

"வேற?"

ரிஸ்னா யோசித்தாள். "குளிருதாம். இந்த வெக்கையில போர்வ போத்திட்டு இரிக்கா. பேன் போட விடுறா இல்ல."

கற்பிட்டியில், சோழகக் காற்று விழுந்து காற்றாலைகள்கூட அசையாமல் நின்ற அந்த மாதத்தில், ஒருவருக்குக் குளிர்கிறது. நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

கூட்டிவரச் சொன்னேன். வரமாட்டார் என்றாள். பள்ளிவாசல் ஹஸரத்திடமும் கேட்டாகிவிட்டதாம். வருத்தத்துக்கு, அதாவது நோய்க்கு, டொக்டரிடம் போகலாம், மார்க்கத்தில் தடையில்லை என்று அவரே சொல்லிவிட்டாராம். உம்மாதான் இணங்கவில்லை.

"அவருக்காக நான் செய்யிற கடைசி வேல இது, இதையாவது முழுசா செஞ்சு முடிக்கணும் என்டு சொல்றா டொக்டர்."

அந்த 'இதையாவது' என்ற சொல் என் காதில் நின்றது. அப்போது அதன் அர்த்தம் விளங்கவில்லை.

கடற்கரை டொக்டர்மார்

எங்கள் கரையோரத்தில் என்னைவிடப் பழைய டொக்டர்மார் இருக்கிறார்கள். வேறு யாருமில்லை, ஊர்ச்சனம்தான்; அவர்கள் நோயைக் கண்டுபிடித்து முடித்த பிறகுதான் என்னிடம் ஆள் வரும். அவர்களுடைய அகராதியில் நோய்கள் அதிகமில்லை. மூச்சு வாங்கினால் வயசு. நெஞ்சு அடைத்தால் வாயு. மற்றதெல்லாம் கவலை.

உடப்பிலிருந்து வந்த ஒரு சம்மாட்டியார், வள்ளச் சொந்தக்காரர், கோயில் படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிடுவதாகச் சொன்னார். "வயசு போச்சு தம்பி, வேற என்ன?" என்றார். கண் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளைத் தாள். வயிற்றுப் புண்ணிலிருந்து மெல்ல மெல்ல இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. புண்ணை ஆற்றி, இரத்தம் ஊறியதும் மனுசன் வள்ளம் தள்ளப் போய்விட்டார். வயசு எங்கே போனதென்று தெரியவில்லை.

இது முஸ்லிம் வீட்டுக் கதை, எங்கள் வீட்டில் இப்படியில்லை என்று யாரும் மீசை முறுக்க வேண்டாம். நான் முன்னேஸ்வரம் கோயிலடிப் பிள்ளை. எங்கள் பக்கமும் புருஷனை இழந்தவள் ஒடுங்கிப் போனால் 'பாவம், குணசாலி' என்பார்கள். கலகலவென்று இருந்தால்தான் ஊரின் கண் அவள்மேல் போகும்.

சல்மா ராத்தாவின் வீட்டில் நடந்தது இதுதான். ஒரு விதவை எப்படி இருக்க வேண்டும் என்று ஊர் நினைத்ததோ, அதையெல்லாம் ஒரு நோய் அச்சுப் பிசகாமல் செய்துகொடுத்தது. பிறகு யார் சந்தேகப்படுவது? மகள் ஒருத்திதான் சந்தேகப்பட்டாள்.

இத்தா முடியும்வரை பொறுக்கலாமா என்று ரிஸ்னா கேட்டாள். நான் சந்தேகித்தது சரியென்றால் பொறுக்க முடியாது. ஒரு தடிமன் காய்ச்சல், தெரியாமல் கொடுத்த ஒரு நித்திரை மாத்திரை போதும். அப்படியே மயக்கத்துக்குப் போய்விடுவார். ஆகவே நிலந்தியை ஏற்றிக்கொண்டு நான் கற்பிட்டிக்குப் போனேன்.

திரைக்கு அந்தப் பக்கம்

நான் கேட்பேன், நிலந்தி பார்ப்பாள். அதுதான் ஏற்பாடு.

"நாடி?"

"ரொம்ப மெதுவு சேர். நான் ரெண்டு தரம் எண்ணினது."

"தோல்?"

"காய்ஞ்சு. கண்ணுக்குக் கீழ வீக்கம். புருவம் இந்த ஓரத்தில இல்ல சேர், அரைவாசிதான் இருக்கு."

"புருவம்… எப்பயோ கொட்டிட்டு," என்றது அந்தத் தடித்த குரல். மன்னிப்புக் கேட்பது போல.

நிலந்தி ஈசிஜி எடுத்தாள். கடதாசி திரைக்குக் கீழால் என் காலடிக்கு வந்தது. நெஞ்சுத்துடிப்பின் கோடுகள் குட்டையாக, தூரத் தூரமாக இருந்தன.

"இனி ராத்தாவைக் கதிரையில் முழங்கால் ஊன்றி நிற்கச் சொல்லுங்க. ரிஸ்னா பிடிச்சுக்கொள்ளட்டும். குதிகாலுக்கு மேல கயிறு மாதிரி இருக்குதானே, அதில சுத்தியலால ஒரு தட்டு."

கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் சுத்தியல் 'டொக்' என்றது.

மறுபடியும் 'டொக்'.

"சேர், பாதம் டக்கென்று போகுது. ஆனா திரும்பி வாறது…" தமிழ்ச் சொல் அகப்படாமல் தேடினாள். "ஹெமின். மெல்ல… மெல்ல வருது. நித்திர தூங்கிற மாதிரி."

எனக்கு வேறு ஒன்றும் தேவைப்படவில்லை. நாங்கள் புத்தகத்தில் படித்து, பரீட்சைக்கு எழுதி, பிறகு இயந்திரங்களை நம்பி மறந்துபோகும் அடையாளம் அது. கழுத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பி ஓய்ந்துபோனால் தட்டிய பாதம் அப்படித்தான் திரும்பும். சாதாரண நோய். கிளினிக்கில் வாரம்தோறும் பார்ப்பது. மலிவான மாத்திரை. ஆனாலும் அன்றைக்கு அந்தக் கலண்டரைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன்.

இரத்தம் எடுத்துக்கொண்டு புத்தளம் போனோம். ஆய்வுகூடத்தின் பதிலும் அதையேதான் சொன்னது. சுரப்பி கிட்டத்தட்ட கடையையே பூட்டியிருந்தது.

அது சபுர் இல்ல

மாத்திரையோடு மீண்டும் போனேன். காலையில், வெறும் வயிற்றில், தேத்தண்ணிக்கு முன்னால் குடிக்க வேண்டும்; இதயத்துக்குப் பாரமாகாமல் சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டலாம் என்று திரைக்குச் சொன்னேன். எல்லாம் முடிந்து எழும்பப் போன நேரம் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இந்த மாத்திர… கவலைய மறக்கிற மாத்திரையா டொக்டர்?"

"ஏன் ராத்தா?"

"அப்படியென்டா… எனக்கு வேணாம்."

நான் மறுபடி உட்கார்ந்தேன். ரிஸ்னா "உம்மா" என்று ஏதோ தொடங்கினாள். ராத்தா அவளைத் தேத்தண்ணி ஊற்ற அனுப்பிவிட்டார். குசினிக் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தார். நிலந்தி மட்டும் அவர் பக்கத்தில் இருந்தாள்.

"டொக்டர்ட ஒன்டு சொல்லணும். புள்ளைக்குத் தெரியாது." ஒவ்வொரு சொல்லாகத் தூக்கி வைத்தார். "எனக்கு… அழுக வரல்ல. அவர்ட மய்யித்த எடுக்கக்குள்ளயும் வரல்ல. இன்டு வரைக்கும் வரல்ல. முப்பது வருசத்துக்கு மேல வாழ்ந்த மனுசன். ஒரு சொட்டு வரல்ல. எல்லாரும் சபுர் என்டு சொல்றாங்க. அது சபுர் இல்ல. எனக்குத் தெரியும். உள்ளுக்குள்ள ஒன்டுமே இல்ல டொக்டர். கல்லு மாதிரி இரிக்கேன். அவர் மேல எனக்குப் பிரியமே இருக்கல்லையோ என்டு… அல்லாஹ்ட்ட கேட்டுட்டு இரிக்கேன். இந்தக் கொஞ்சக் கவலையையும் மாத்திர கொண்டு போயிட்டா, அவருக்கு நான் என்னத்தக் குடுக்கிற?"

'இதையாவது' என்ற சொல் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அழமுடியாத பெண், அழுகைக்குப் பதிலாக இத்தாவை முழுசாக இருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் கதிரையைத் திரைக்குக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டேன்.

"ராத்தா, இது கவலைய மறக்கிற மாத்திரை இல்ல. உடம்பு என்ன வேகத்தில ஓடணும் என்டு சொல்றது கழுத்தில இருக்கிற அந்தச் சுரப்பிதான். அது களைச்சுப் போச்சு. அதால நாடி மெல்லப் போகுது, வயிறு மெல்லப் போகுது, கதை மெல்ல வருது. உங்கட காலத் தட்டினா அதுகூடத் திரும்பி வர நேரம் எடுக்குது. இது நானா போன பிறகு வந்ததில்ல. அதுக்கு முதலே தொடங்கியிருக்கும். அவரப் பார்த்துப் பார்த்து நீங்க உங்களப் பார்க்கல்ல."

திரைக்குப் பின்னால் கட்டில் கிரீச்சிட்டது.

"அழுகையும்… அதுட கையிலயா இரிக்கி?"

"முழுசா இல்ல. ஆனா இந்த வருத்தம் மனசையும் மரத்துப்போகச் செய்யும். பிரியம் இல்லாம இல்ல ராத்தா. அஞ்சு தலாணிக் கணக்கும் கால்ல விழுந்த குழியும் பிரியம் இல்லாத பொம்புளைக்கு ஞாபகம் இருக்காது."

"மூனு," என்றார் ராத்தா.

"என்ன?"

"அஞ்சு இல்ல டொக்டர். மூனு தலாணி."

திரைக்குப் பின்னால் நிலந்தி சிரித்தது கேட்டது. பிறகு அவள் தண்ணீர் ஊற்றும் சத்தம். நாளை காலையிலிருந்து குடிக்கிறேன் என்றார் ராத்தா.

போன்

இந்த மாத்திரை அவசரக்காரர்களுக்கு ஏற்றதல்ல. முதல் வாரங்களில் ஒன்றும் தெரியாது. நிலந்தி போய் நாடி பார்த்து வந்தாள். அளவைக் கொஞ்சம் கூட்டினோம். ரிஸ்னா இடைக்கிடை செய்தி அனுப்பினாள். உம்மா போர்வையை மடித்து வைத்துவிட்டார். உம்மா பேன் போடச் சொன்னார். நோன்புக் கஞ்சியில் இஞ்சி போதாது என்று உம்மா குறை சொன்னார். அந்தக் கடைசிச் செய்தியை நான் நிலந்திக்கு வாசித்துக் காட்டினேன்.

ஒரு நாள் காலை, கிளினிக் நிரம்பி வழிந்த நேரம் போன் அடித்தது. முன்னால் ஒருவர் சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரிஸ்னாவின் பெயரைப் பார்த்து எடுத்தேன். அவள் பதறியிருந்தாள்.

"டொக்டர், உம்மா அழுறா. காலையில இருந்து நிப்பாட்டுறாவே இல்ல. மாத்திரையால வந்ததா? நிப்பாட்டவா?"

"எப்படித் தொடங்கின?"

"பக்கத்து வீட்டுல கருவாடு சுட்டாங்க. நல்லாத்தான் இருந்தா. சும்மா ஜன்னலால மணம் வந்திச்சு. அப்படியே கதவ வந்து புடிச்சிட்டு நின்டா. ஒரு துண்டு கேட்டாரே, ஒரு துண்டு கேட்டாரே, நான் குடுக்கல்லையே என்டு… ஊரு முழுக்கக் கேக்குது டொக்டர்."

எனக்கும் கேட்டது. போனுக்குப் பின்னால், மூச்சு முட்ட, மூக்கைச் சீறிச் சீறி, எந்தப் பொறுமையும் இல்லாமல் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தார்.

"மாத்திரைய நிப்பாட்ட வேணாம் மகள்," என்றேன். "அழ விடுங்க. பக்கத்திலயே இருங்க. நெஞ்சு படபடத்தா, மூச்சு வாங்கினா உடனே சொல்லுங்க. மற்றபடி இது வருத்தம் இல்ல."

அழுகை சட்டென்று நின்றது. அதற்குப் பதிலாக ஒரு குரல் வந்தது. மெல்லியதாக, கூர்மையாக, ஒரு சொல்லின் வாலை மறுசொல் மிதிக்க ஓடிவரும் குரல். கிளினிக்கில் காசிம் நானாவுக்குப் பின்னால் நின்று எனக்குப் பதில் சொன்ன அதே குரல்.

"ஆருக்கு போன் எடுத்த நீ? டொக்டருக்கா? அவர்தானே கருவாடு வேணாம் வேணாம் என்டு சொன்ன. ஒரு துண்டு குடுத்தா என்ன, மனுசன் அன்டைக்கே மௌத்தாகவா போறாரு? அவர்ட பேச்சக் கேட்டுத்தானே நான் குடுக்காம வெச்ச. இப்ப என்னத்துக்கு அவருக்குப் போன்? வையி. வையிடி போன."

"உம்மா, டொக்டருக்குக் கேக்குது."

"கேக்கட்டும். நல்லாக் கேக்கட்டும்."

முன்னால் உட்கார்ந்திருந்தவர் சட்டையைப் போடுவதா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார். கொஞ்சம் பொறுங்க என்று கையைக் காட்டினேன். ராத்தா ஏசினார், நடுவில் அழுதார், மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏசினார். நான் போனை வைக்கவில்லை. கடைசிச் சொல்வரை கேட்டுவிட்டுத்தான் முன்னால் இருந்தவரின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன்.